கிழவி வந்தால் கிளம்பிவிட்டான் என்று அர்த்தம்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுவிட்டன. வயது அறுபத்தெட்டு. தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் தொழில் செய்துவந்தேன், கண் பார்வை மங்கியதால் கடையை மூடிவிட்டேன். தெருவில் என்னைப் புறாக்காரர் என்று சொன்னால்தான் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வகுப்பு வரைதான் போனேன். மற்றதெல்லாம் கடையில் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் படித்துக் கற்றுக்கொண்டது. எழுத்தர் எழுதுவதை எதிர் நாற்காலியில் இருந்தபடியே தலைகீழாகப் படித்துக்கொண்டுதான் இதைச் சொல்லிவருகிறேன்.

இறந்துபோனவன் என் உடன்பிறந்த தம்பி. வயது அறுபத்திரண்டு. வீடுகளுக்கு மின் இணைப்பு வேலை செய்பவன். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். கீழ்த் தளத்தில் அவனும் அவன் மனைவியும், மேல் அறையில் நான். எனக்கு மனைவி மக்கள் இல்லை. மொட்டை மாடியில் என் புறாக் கூண்டு இருக்கிறது.

இந்தச் சம்பவம் சம்பந்தமாக இதே காவல் நிலையத்தில் ஏற்கெனவே ஒரு தாளில் என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அதில், என் தம்பி நடுச்சாலையில் மேலே பார்த்தபடி நின்றதாகவும், குடித்திருந்ததாகத் தெரிந்தது என்றும் அவன்மேல் மோதிய லாரியின் ஓட்டுநர் கூறியிருந்தார். அதன் கீழே, இறந்தவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் எனக்கு வேறு விவரம் எதுவும் தெரியாது என்று நான் கூறியதாக இருந்தது. நான் அப்படிக் கூறவில்லை. கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டு அனுப்பினார்கள், இரண்டு தடவையும் அதே தாளைத்தான் நீட்டினார்கள். உதவி ஆய்வாளர், "பெரியவரே, ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பிடிவாதமா?" என்றார். நான், "கையெழுத்து என்னோடது சார்" என்றேன். இன்று என் வாயால் சொல்வதை எழுதுவதாக ஒப்புக்கொண்டதால் சொல்கிறேன்.

எனக்கும் தம்பிக்கும் நேர்ப்பேச்சு இல்லை என்பது உண்மை. சில வருடங்களுக்கு முன் அவன் மாடியில் விளக்குப் போடுவதற்காகக் கூண்டுக்கு மேலே குறுக்காக ஒரு கம்பி இழுத்தான். என்னைக் கேட்கவில்லை. மாலையில் இறங்க வந்த என் புறாக்களில் ஒன்று அந்தக் கம்பியில் அடிபட்டுக் கழுத்து முறிந்து விழுந்தது. அவன் உடனே ஏணி போட்டுக் கம்பியை அறுத்துவிட்டான். நான், இனி நீ மாடிப்படி ஏறக் கூடாது என்று சொன்னேன். அவன், ஏற மாட்டேன் என்று சொன்னான். இரண்டு பேரும் சொன்னபடி நடந்தோம். அதற்குப் பிறகு எதுவானாலும் தம்பி மனைவி மூலமாகத்தான். மூன்று பேரும் ஒரே கூடத்தில் இருந்தாலும் நான் அவளிடம் சொல்வேன், அவன் அவளிடம் பதில் சொல்வான். பேச்சு இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை. ஆகவே பேச்சுவார்த்தை இல்லை என்று எழுதியது தவறு.

புறா விஷயத்தைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல முடியாது. உதவி ஆய்வாளர் அதைச் சுருக்கமாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

நான் வளர்ப்பவை பந்தயத்துக்குப் போகும் வீடு திரும்பும் புறாக்கள். வெளியிலிருந்து வாங்கிய பெரிய புறாவைப் பறக்கவிட்டால் அது பழைய வீட்டுக்கே போய்விடும். என் கூண்டில் பொரித்த குஞ்சுதான் என் வீட்டை வீடு என்று நினைக்கும். குஞ்சு பொரித்து ஒரு வாரத்துக்குள் காலில் எண் போட்ட வளையத்தை மாட்டிவிட வேண்டும், தாமதித்தால் பாதம் பெருத்து வளையம் நுழையாது. தாய் தகப்பனிடமிருந்து பிரித்தபின் கம்பிக் கூட்டுக்குள் வைத்து மாடியில் விடுவேன். அங்கிருந்து அது சுற்றியுள்ள கூரைகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் பார்த்துக்கொண்டே இருக்கும். தகர டப்பாவில் தானியத்தைக் குலுக்கிய பிறகுதான் தீனி வைப்பேன், அந்தச் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் வர வேண்டும் என்று பழகிவிடும். கூண்டு வாசலில் தொங்கும் கம்பிகள் உள்பக்கம் தள்ளினால் விலகும், வெளிப்பக்கம் தள்ளினால் விலகாது. தலையால் தள்ளி நுழையக் கற்றுக்கொண்ட குஞ்சைத்தான் வெளியே பறக்கவிடுவேன். அதன் பிறகு மூங்கில் கூடையில் எடுத்துப் போய் முதலில் தெருமுனையில், பிறகு பாலத்தில், பிறகு பெட்ரோல் பங்க் அருகே என்று ஒரே திசையில் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போய்த் திறந்துவிட வேண்டும்.

பறக்கப்போகும் குஞ்சுக்குக் காலையில் தீனி வைக்கக் கூடாது. பசியோடு இருந்தால் வீட்டை நினைத்து நேராக வரும். வயிறு நிறைந்த குஞ்சு வழியில் மரத்தைக் கண்டால் உட்கார்ந்துவிடும். இது என் கூண்டின் விதி. நான் வைத்த விதி.

எனக்கு இருசக்கர வண்டி ஓட்ட வராது. கூடையை எடுத்துப் போவது எப்போதும் தம்பிதான். சண்டைக்குப் பிறகும் அது மாறவில்லை. நான் கூடையைக் கட்டிக் கொண்டுவந்து மூன்றாம் படியில் வைப்பேன், அவன் கீழே நின்றபடி கை நீட்டி எடுத்துக்கொள்வான். அவன் மாடிப்படி ஏறியது ஆகாது.

கூடையில் குஞ்சுகளோடு ஒரு வயதான பெட்டைப் புறாவும் போகும். அதற்குக் கிழவி என்று பெயர். குஞ்சுகளை முதலில் திறந்துவிட வேண்டும். கிழவியைச் சேர்த்துவிட்டால் அவை வழி கற்காமல் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். கூடைக்குள் ஒரு தடுப்பு வைத்துக் கிழவியைத் தனியாகப் போட்டிருப்போம், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கதவு. குஞ்சு ஏதாவது உட்கார்ந்துவிட்டால், கிழவி இருக்கும் கூடையை மரத்தடியில் காட்டிக் கீழே தானியத்தைத் தூவினால், அது இறங்கி வரும். எல்லாம் முடிந்து வண்டியைக் கிளப்பும்போதுதான் கிழவியை விட வேண்டும். அது குறுக்கு வழியில் வண்டிக்கு முன்பாக வீடு வந்துவிடும்.

தம்பி எனக்குத் தொலைபேசியில் பேச மாட்டான், நானும் பேச மாட்டேன். ஆகவே கிழவி வந்தால் அவன் கிளம்பிவிட்டான் என்று அர்த்தம். கிழவி நுழைந்ததும் நான் மாடியிலிருந்து கீழே போகும் தண்ணீர்க் குழாயைச் சாவியால் மூன்று தடவை தட்டுவேன். கீழே தம்பி மனைவி அடுப்பைப் பற்றவைப்பாள். அவன் வந்து கை கழுவும்போது சாப்பாடு சூடாக இருக்கும். இது அவளாக ஏற்படுத்திய வழக்கம்.

சம்பவ நாள் ஞாயிற்றுக்கிழமை. பதினொரு குஞ்சுகளுக்கு அன்று இதுவரை போகாத தூரம், ஊருக்கு வெளியே கல் குவாரிக்குத் திரும்பும் சாலை. காலையில் கூடையில் போடுவதற்காகக் குஞ்சுகளைப் பிடித்தேன். அதில் வால் வெள்ளையாக உள்ள ஒன்று மற்றவற்றைவிட இளைத்திருந்தது. முந்தின மாலை மற்றவை அதைத் தீனித் தட்டின் பக்கம் அண்டவிடவில்லை. கையில் எடுத்தபோது நெஞ்செலும்பு விரலில் குத்தியது. அதற்கு மட்டும் ஒரு கைப்பிடி தானியம் கொடுத்தேன். என் உள்ளங்கையிலிருந்தே தின்றது. அதன் பிறகு குஞ்சுகள் பக்கக் கதவைக் கொக்கியால் மாட்டி, கிழவி பக்கக் கதவை நீல நைலான் கயிற்றால் கட்டி, கூடையை மூன்றாம் படியில் வைத்தேன். தானியம் கொடுத்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி கீழே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி வாசல் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அன்று பேசியதைக் கேட்டபடியே சொல்கிறேன்.

நான் அவளிடம், "வண்டிய வெயில்ல நிறுத்தக் கூடாதுன்னு சொல்லும்மா. ரோட்டுலருந்து தள்ளி நிழல்ல நிறுத்தச் சொல்லு" என்றேன்.

அவன் அவளிடம், "இத்தன வருஷமா நான் என்ன புறாவ வறுத்தா எடுத்துட்டு வந்தேன்னு கேளு" என்றான்.

நான், "ஒண்ணு உட்கார்ந்தாலும் விட்டுட்டு வரக் கூடாதுன்னு சொல்லு" என்றேன்.

அவன், "போன தடவ கரண்ட் கம்பத்துல ஏறி எறக்கிட்டு வந்தது யாரு, அவரா? கேளு" என்றான்.

அவள், "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்குது. எனக்குத்தான் வாய் வலிக்குது. கிளம்புங்க, கிழவி பசியில இருக்கு" என்றாள்.

அவன், "எந்தக் கிழவி?" என்று கேட்டான். அவள் கையிலிருந்த தண்ணீரை அவன்மேல் உதறினாள். அவன் கூடையை எடுத்துக்கொண்டு போனான். நான் மாடிக்குப் போனேன்.

குடித்திருந்தானா என்று கேட்டதற்கு என் பதில்: அவனுக்குப் பீடி உண்டு, குடி கிடையாது. அன்று காலை டீ குடித்தான், வேறு எதுவும் குடிக்கவில்லை.

அதன் பிறகு நான் கூண்டைக் கூட்டிச் சுத்தம் செய்து, தண்ணீர் மாற்றி, டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஏழு குஞ்சுகள் சேர்ந்து வந்தன. சிறிது நேரத்தில் மூன்று வந்தன. பத்தும் தலையால் தள்ளி நுழைந்தன. வால் வெள்ளைக் குஞ்சு வரவில்லை. கிழவியும் வரவில்லை. குஞ்சு எங்கோ உட்கார்ந்துவிட்டது, தம்பி அதற்காக நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. ஏன் உட்கார்ந்தது என்பதும் தெரிந்தது.

கீழேயிருந்து தம்பி மனைவி, "கிழவி வந்துச்சா மாமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுபடி கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். இல்லை என்றேன். "நீங்க ஏதாவது சொல்லி விட்டிருப்பீங்க, அவர் அங்கயே குடித்தனம் வெச்சுட்டார் போல" என்றாள்.

அதன் பிறகு கிழவி தனியாக வந்தது. எப்போதும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்கும். அன்று சுற்றாமல் நேராக வந்து கூண்டு வாசலில் விழுந்தாற்போல் இறங்கி உள்ளே போனது. நான் சாவியை எடுத்துக் குழாயை மூன்று தடவை தட்டினேன். கீழே அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு தண்ணீர் காட்டுவதற்காகக் கிழவியைக் கையில் எடுத்தேன். அதன் காலில் நீலக் கயிறு சுற்றியிருந்தது. கயிற்றின் முனையில் விரல் நீளத்துக்கு ஒரு மூங்கில் சிம்பு, முடிச்சோடு இருந்தது. அது நான் காலையில் போட்ட முடிச்சு, அவிழ்க்கப்படவில்லை.

தம்பி கயிற்றை அறுப்பவன் அல்ல. எந்த முடிச்சையும் நகத்தால் அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். முடிச்சு அவிழாமல் கிழவி வெளியே வந்திருக்கிறது என்றால் கூடை உடைந்திருக்கிறது. அது எனக்கு அப்போதே புரிந்தது.

நான் கீழே இறங்கிப் போய்ச் சொல்லவில்லை. குழாயைத் தட்டினால் வருகிறான் என்று அர்த்தம், வரவில்லை என்பதற்குத் தட்டும் வழக்கம் எங்களிடம் கிடையாது. கிழவியைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பாத்திரத்தில் கரண்டி போகும் சத்தம் கேட்டது. இலை அறுக்கவோ தட்டு வைக்கவோ அவள் ஆரம்பித்திருப்பாள். அதன் பிறகு அவள் தொலைபேசி அடித்தது. பேசியவர் குவாரிச் சாலையில் டீக்கடை வைத்திருப்பவர். அதன் பிறகு "மாமா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். நான் இறங்கிப் போய் முதலில் அடுப்பை அணைத்தேன்.

மருத்துவமனையில் தம்பியின் உடைமைகளை எங்களிடம் கொடுத்தார்கள். வண்டிச் சாவி, டெஸ்டர், பீடிக்கட்டு, ஒரு செருப்பு. அதோடு ஓட்டை போட்ட ஓர் அட்டைப்பெட்டியையும் ஒரு காவலர் கொண்டுவந்து கொடுத்தார். அவர், "சட்டைக்குள்ள இருந்துச்சு, உயிரோட இருக்கு, உங்களதான்னு பாருங்க" என்றார். வளைய எண்ணைப் பார்த்தேன். வால் வெள்ளைக் குஞ்சு. அதன் தீனிப்பையைத் தடவிப் பார்த்தேன். தானியம் இன்னும் கெட்டியாக இருந்தது.

இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் பேருந்தில் அந்த இடத்துக்குப் போனேன். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வண்டியை அன்றே நகர்த்திவிட்டதாக டீக்கடைக்காரர் சொன்னார். லாரி மோதியதை அவர் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டார். சாலையின் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே, மண்ணில், பெரிய மரம் ஒன்று இருக்கிறது. அதன் சாலைப்பக்கப் பட்டை இடுப்பு உயரத்தில் புதிதாக உரிந்திருந்தது. அடியில் மூங்கில் சிம்புகள் கிடந்தன. மரத்தின் பின்பக்கம், வேருக்கு நடுவே, எறும்பு தின்றது போகக் கொஞ்சம் தானியம் குவியலாக இருந்தது. சோளம், கம்பு, உடைத்த பட்டாணி. அது நான் கலக்கும் கலவை. சிம்புகளையும் தானியத்தையும் நீலக் கயிற்றையும் ஒரு காகிதப் பையில் போட்டு இன்று ஒப்படைத்திருக்கிறேன்.

உதவி ஆய்வாளர், லாரி நடுச்சாலையில் மோதியபின் வண்டி மரத்தடிக்குத் தூக்கி எறியப்பட்டிருக்கலாம் அல்லவா என்று கேட்டார். வண்டி எறியப்படலாம், தானியம் மரத்தின் பின்னால் போய்க் குவியலாக விழாது என்று சொன்னேன். தம்பி முன்பே தானியம் போட்டுவிட்டுச் சாலைக்கு வந்திருக்கலாமே என்று கேட்டார். இருக்கலாம், நான் அங்கே இல்லை. ஆனால் ஓட்டுநர் அவன் மேலே பார்த்தபடி நின்றதாகச் சொல்கிறார். குஞ்சு மரத்தில் இருக்கும் வரை புறாக்காரன் மேலே பார்ப்பான். சட்டைக்குள் வந்தபின் மேலே பார்க்க அவனுக்கு ஒன்றும் இல்லை. குஞ்சு சட்டைக்குள் இருந்தது. அதன் பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான், கூடையின் முடிச்சை அவிழ்த்துக் கிழவியை விடுவது. கூடை வண்டியில் இருக்கும், வண்டி நிழலில் இருக்கும். என் தம்பி சாகும்போது அவன் கை அந்த முடிச்சின் மேல் இருந்தது என்று நான் நினைக்கிறேன். இதை நான் பார்த்ததாகச் சொல்லவில்லை. நினைப்பதாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

லாரி ஓட்டுநர் தூங்கினாரா, கவனம் பிசகினாரா என்று எனக்குத் தெரியாது. அவர்மேல் எனக்கு முன்விரோதம் இல்லை. ஆனால் அவன் நடுச்சாலையில் நின்றான், குடித்திருந்தான் என்ற இரண்டுக்கும் கீழே என் கையெழுத்து வராது.

புறாவுக்குத் தானியம் கொடுத்ததை இந்த வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று எழுத்தர் சொன்னார். அதைச் சேர்க்காவிட்டால் என் தம்பி அந்த மரத்தடியில் அவ்வளவு நேரம் எதற்காக நின்றான் என்பதற்குக் காரணம் இருக்காது. காரணம் இல்லாமல் நின்றவனைக் குடிகாரன் என்று எழுதுவது எளிது. ஆகவே சேர்க்கச் சொன்னேன். குழாயைத் தட்டியபின் கயிற்றைப் பார்த்ததையும், பார்த்தபின் கீழே இறங்காததையும் சேர்க்கச் சொன்னேன். அவற்றை இதுவரை தம்பி மனைவியிடம் நான் சொன்னதில்லை. எழுதி முடித்தபின் அவளுக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவள் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே அழைக்கப்பட்டாள்.

குஞ்சு இப்போது கூண்டில் இருக்கிறது. பெட்டியில் வந்ததால் அதற்கு வழி தெரியாது. அதை வழக்குச் சொத்தாக ஒப்படைக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். வளைய எண்ணை மட்டும் எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

மேலே எழுதியவை அனைத்தும் நான் சொன்னபடியே எழுதப்பட்டவை, எழுத்தர் உரக்க வாசித்ததையும் கேட்டேன், தாளை என் பக்கம் திருப்பி நானே ஒரு தடவை படித்தும் பார்த்தேன். பேச்சுவார்த்தை இல்லை என்பதை அடித்துவிட்டு, தம்பி மனைவி மூலமாகத் தினமும் பேசிவந்தோம் என்று திருத்தப்பட்டுள்ளது. இதில் பொய் இல்லை.

வாசித்து முடித்தபின் பேனாவை என் பக்கம் வைத்தார்கள். தம்பி மனைவி எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். அவள் என்ன சொல்கிறாள் என்று பார்த்துக்கொண்டு நான் பேனாவை எடுக்காமல் இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. உதவி ஆய்வாளரைப் பார்த்து, "அவரக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றாள்.

உதவி ஆய்வாளர் என்னிடம் சொன்னார். போட்டேன்.

(ஒப்பம்)